துணைக்கு வாங்கிய இரண்டாவது ஆமை

மலேசியாவின் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஆமை விற்கும் கடையில் ஒரு பேசினுக்குள் முப்பது நாற்பது குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஒன்றும் ஒன்றைக் கடிக்காது. "ஒத்தையா வளர்த்தா ஏங்கிப் போயிடும், ஜோடியா எடுங்கண்ணே" என்பார் கடைக்காரர். கேட்பவருக்கும் நியாயமாகத்தான் படும். இரண்டு குஞ்சு, ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி, நடுவில் பிளாஸ்டிக் தென்னைமரம். இரண்டு வருடம் போனதும் ஒன்றின் வால் நுனி காணாமல் போயிருக்கும். "விளையாட்டுக்குக் கடிச்சிருக்கும்" என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள்.

ஆமைக்கு அந்த விளையாட்டுத் தெரியாது, ஏக்கமும் தெரியாது. நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைப்பது சிவப்புக் காது ஆமை, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உள்ளது. சிலர் பிரேசில் ஆமை என்பார்கள். பிரேசிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து இனம். அங்கே பத்துப் பன்னிரண்டு ஆமைகள் ஒரே மரக்கட்டையில் வரிசையாக வெயில் காய்வதைப் படத்தில் பார்த்துவிட்டு, கூட்டமாக வாழும் பிராணி என்று நினைத்துவிடுகிறோம். அவை கூடுவது வெயிலுக்காக. அந்தக் கட்டையிலும் தள்ளுமுள்ளு உண்டு. தள்ளப்பட்ட ஆமை தண்ணீரில் விழுந்து பத்து மீட்டர் நீந்தி வேறு கட்டையில் ஏறிக்கொள்ளும், அதோடு சண்டை முடிந்தது. கண்ணாடித் தொட்டியில் தோற்றது எங்கே போகும்? இரண்டடி நீந்தினால் சுவர். திரும்பினால் ஜெயித்தது நிற்கிறது. தொட்டிச் சண்டைக்குச் செய்யும் வைத்தியம் எல்லாம், தோற்ற ஆமைக்கு ஒரு வழி விடுவதுதான். வழி விட முடியாத தொட்டியில் மிச்சம் இருக்கும் ஒரே மருந்து தனித்தனியாகப் பிரிப்பது.

எது சண்டை, எது இல்லை என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆண் ஆமை பெண்ணின் முகத்துக்கு நேரே வந்து, இரண்டு முன்கால்களையும் நீட்டி, உள்ளங்கை வெளிப்பக்கம் பார்க்க, நீண்ட நகங்களைப் படபடவென்று அதிரவிடும். நகம் கன்னத்தை உரசும் உரசாது, அவ்வளவு நெருக்கம். பார்ப்பவர்கள் அறைகிறது என்பார்கள். அது காதல் நடனம். பருவத்துக்கு வராத குஞ்சுகளும், சில சமயம் ஆணும் ஆணுமே, இப்படிச் செய்யும். இதில் காயம் வராது. பெண் நீந்திப் போய்விட்டால் கதை முடிந்தது. போக இடமில்லாமல் ஆண் நாள் முழுக்கத் துரத்திக்கொண்டே இருந்தால்தான் வினை. பெண் சாப்பிடுவதை நிறுத்தும், வெயில் காயும் மேட்டைவிட்டு இறங்காது. சம்மதிக்காத பெண்ணின் கழுத்தையும் பின்காலையும் ஆண் கடிக்கத் தொடங்கும்.

நிஜமான சண்டையின் அடையாளம் வேறு. வாயை அகலத் திறந்தபடி முகத்துக்கு நேரே நிற்பது, ஓட்டால் இடிப்பது, மேட்டில் ஏற வரும் ஆமையை மூக்கால் தள்ளிவிடுவது, பின்னால் வந்து வாலையோ பின்கால் விரலையோ பிடித்து இழுப்பது. ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காருவதைப் பாசம் என்று படம் பிடித்துப் போடுகிறார்கள். மேடு சின்னதாக இருக்கிறது, வெயில் மேலே கிடைக்கிறது, அவ்வளவுதான். அடியில் இருப்பதற்கு வெயிலும் இல்லை, விளக்கின் புற ஊதாக் கதிரும் இல்லை. மாதக்கணக்கில் அப்படியே போனால் அதன் ஓடு மெத்தென்று ஆகத் தொடங்கும்.

கடி தெரியாத கொடுமையும் உண்டு. ஒரு ஆமை எப்போது பார்த்தாலும் மேட்டிலேயே இருக்கிறதா? வெயில் பிடிக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். விளக்கை அணைத்த பிறகும் அங்கேயே கிடந்தால் அது தண்ணீருக்குப் பயந்து ஏறி உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று எப்போதும் பில்டருக்குப் பின்னாலேயே ஒதுங்கிக் கிடந்தால் அதற்கும் அதே அர்த்தம். நீங்கள் தொட்டி முன்னால் நின்றால் இரண்டும் சண்டையை விட்டுத் தீனிக்கு ஓடி வந்துவிடும், ஆகவே நேரில் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். கைப்பேசியை எதிரே சாய்த்து வைத்து ஒரு மணி நேரம் பதிவு செய்துவிட்டு வெளியே போய்விடுங்கள். தீனிக்கு முன் ஒரு முறை, மதியம் விளக்கு எரியும்போது ஒரு முறை. அதோடு வாரம் ஒரு நாள், சமையல் தராசு ஒன்றை ஆமைக்கென்று ஒதுக்கி, இரண்டையும் நிறுத்துக் குறித்து வையுங்கள். வளரும் வயதில் ஒன்று ஏறிக்கொண்டே போக, மற்றது நான்கு வாரமாக அதே எடையில் நின்றால் தொட்டியில் யாருக்கு ராஜ்ஜியம் என்று புரிந்துவிடும்.

எதோடு எதைச் சேர்ப்பது என்பதில் பேச்சுக்கே இடமில்லாத சில விஷயங்கள் உண்டு. முன்கால் நகம் நீளமாக, வால் தடித்து நீண்டு, கழிவுத் துவாரம் ஓட்டு விளிம்பைத் தாண்டி இருந்தால் ஆண். நகம் குட்டை, வால் குட்டை, உடம்பு பெரிது என்றால் பெண். ஓடு 10 செ.மீ. ஆகும்வரை உறுதியாகச் சொல்ல முடியாது, சண்டை பெரும்பாலும் அந்த அளவில்தான் ஆரம்பிக்கும். இரண்டு ஆண்கள் ஒரே தொட்டியில் ஆகாது. ஓர் ஆண், ஒரு பெண் என்ற 'ஜோடி' பெண்ணுக்கு ஓயாத தொல்லை. ஆணைச் சேர்ப்பதென்றால் மூன்று பெண்களாவது வேண்டும், அதற்குத் தொட்டி போதாது, குளம் வேண்டும். இரண்டு பெண்கள் என்றால் ஓரளவு ஒத்துப்போக வாய்ப்பு உண்டு, அதுவும் அளவு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால். சின்னதின் ஓடு பெரியதின் முக்கால் பங்குக்குக் குறைந்தால் சேர்க்காதீர்கள். பெரிய பெண் 25 செ.மீ.க்கு மேலும் வளரும். அதன் வாய்க்கு 8 செ.மீ. குட்டியின் கால் தீனித் துண்டு மாதிரிதான் தெரியும்.

வேறு இனங்களைக் கலப்பது இன்னும் மோசம். லாபி லாபி என்னும் மென்னோட்டு ஆமைக்குக் கெட்டி ஓடு இல்லை, கழுத்து மட்டும் நீளம். கடிபட்டால் அதன் தோல் கிழியும், கடித்தால் மற்றதின் விரல் போகும். தோட்டத்துக் கானில் (வடிகாலில்), மழைக்குப் பிறகு செம்பனை (எண்ணெய்ப்பனை) வரிசையில் அகப்படும் பெட்டி ஆமையைக் கொண்டுவந்து சிவப்புக் காதோடு போடுபவர்களும் இருக்கிறார்கள். பெட்டி ஆமையில் ஆண், பெண்ணின் கழுத்தைக் கடித்துப் பிடித்துத்தான் இணையும், இனம் பார்க்காமல் இதையும் அப்படிப் பிடிக்கும். காட்டிலிருந்து வந்ததோடு ஒட்டுண்ணியும் நோயும் வரும். அதற்கெல்லாம் முன்னால் சட்டம் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட இனங்களைப் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

ரத்தம் வந்துவிட்டதா, அன்றைக்கே பிரியுங்கள். "ரெண்டும் தானா சமாதானம் ஆயிடும்" என்று காத்திருந்தால் மறுநாள் கடித்த இடத்திலேயே மறுபடி கடிக்கும். தொங்கும் தோலும் ரத்த வாடையும் அதற்குத் தீனி மாதிரி. பிரிக்கப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. மூடியுள்ள 100 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, மூடியில் நிறைய ஓட்டை, உள்ளே ஓட்டின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆழத்துக்குத் தண்ணீர், ஏறி உட்கார இரண்டு மூன்று செங்கல் படிபோல் அடுக்கி, ஆடாமல். பில்டர் இல்லையென்றால் தினமும் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். நம் தாழ்நிலத்தில் தண்ணீர் தானாகவே 26 முதல் 29 டிகிரி வரை இருக்கும், ஹீட்டர் வேண்டாம். கேமரன் மலைக்காரர்கள் மட்டும் அதைப் பற்றி யோசிக்கட்டும்.

இரண்டில் எதை வெளியே எடுப்பது? இரண்டும் நல்ல உடம்போடு இருந்தால் அடிக்கும் ஆமையை எடுங்கள். அடிபட்டது பழகிய இடத்தில் தேறும். அடித்தது பத்து நாள் கழித்துத் திரும்பும்போது பழைய அதிகாரம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஆனால் காயம் பட்டதை அழுக்குத் தண்ணீரில் விட முடியாது, அப்போது அதைத்தான் எடுக்க வேண்டும்.

காயத்துக்கு: ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியால் 5 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்கவும், நடுவில் தூக்கித் தூக்கிப் பார்க்காமல். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்புக் கரைத்து அதனால் கழுவவும். பிறகு, மருந்துக் கடையில் கிடைக்கும் 10 சதவீதப் போவிடோன் அயோடினை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, பால் கலக்காத இளந்தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்து, பஞ்சில் நனைத்துத் தடவவும். கண்ணிலும் வாயிலும் படக் கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், புதிதாக வளரும் தசையையும் அது அரிக்கும். மஞ்சள் தூளும் வேண்டாம். மஞ்சள் நல்லதுதான், ஆனால் காயத்தில் பொடி கட்டிக்கொண்டால் உள்ளே சீழ் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாது. மருந்து தடவியபின் ஈரமில்லாத பெட்டியில், சுத்தமான துண்டு விரித்து, நிழலில் வைக்கவும். காலையும் மாலையும் அரை மணி நேரம் மட்டும் ஆழம் குறைந்த சுத்தத் தண்ணீரில் விட வேண்டும், ஆமை தண்ணீரில்தான் விழுங்கும், குடிக்கும். பிறகு துடைத்து மறுபடி மருந்து.

இதில் நம் ஊருக்கே உரிய ஆபத்து ஈ. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில், ஆட்டுக் கொட்டகைப் பக்கம், காயத்தோடு உள்ள ஆமையை வெளித் திண்ணையில் வைத்தால் ஈ முட்டையிட்டுவிடும், இரண்டே நாளில் புழு. வாலடியிலும் பின்தொடை மடிப்பிலும் உள்ள காயம் இதற்குத் தோதான இடம். வீட்டுக்குள் வையுங்கள், பெட்டிமேல் கொசுவலைத் துணி கட்டுங்கள், நாளுக்கு இரண்டு முறை மடிப்பைப் பிரித்துப் பாருங்கள்.

எலும்பு தெரிந்தால், கண்ணில் பட்டிருந்தால், கால் மணி நேரம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால், காயத்தில் நாற்றமோ வீக்கமோ இருந்தால், புழுவைக் கண்டால் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் ஆமை பார்க்கும் கால்நடை மருத்துவர் கிடைப்பது அரிது. ஈப்போவுக்குப் போன் போட்டு, ஊர்வனவற்றைப் பார்ப்பார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பெரிய சிக்கல் என்றால் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. அந்தத் தூரம் போகும்போது பெட்டியில் தண்ணீர் வேண்டாம், ஈரத் துண்டு போதும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆண் ஆமை சில நேரம் தன் உறுப்பை வெளியே நீட்டும். கருநிறத்தில், பூப்போல விரிந்து, குடல் வெளியே வந்துவிட்டதோ என்று பயப்படும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். சில நிமிடங்களில் உள்ளே போய்விடும். கூட இன்னொரு ஆமை இருந்தால் அதைப் புழு என்று நினைத்துக் கடிக்கும், ஆண்களைச் சேர்த்து வைக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு மணி நேரத்துக்கு மேலும் உள்ளே போகவில்லை என்றால் தனியே எடுத்து, கெட்டியான சீனித் தண்ணீரில் நனைத்த துணியால் சுற்றி, காயவிடாமல் மருத்துவரிடம் கொண்டுபோகவும்.

இனி இடக் கணக்கு. வளர்ப்பவர்கள் பொதுவாகப் பின்பற்றும் அளவு, ஓட்டின் ஒரு செ.மீ. நீளத்துக்கு 15 லிட்டர் தண்ணீர். இரண்டாவது ஆமைக்கு அதில் குறைந்தது பாதி கூடுதல். 20 செ.மீ. பெண் ஒன்றுக்கு 300 லிட்டர், அதே அளவில் இன்னொன்று சேர்ந்தால் 450. மீன் கடையில் பெரிதாகத் தெரியும் நாலடித் தொட்டி, அதாவது 120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம். அதில் 45 செ.மீ. தண்ணீர் விட்டால் 324 லிட்டர். வளர்ந்த ஒரு பெண்ணுக்குச் சரி, இரண்டுக்குப் பற்றாது. குஞ்சோடு சேர்த்து விற்கும் இரண்டடித் தொட்டியில் 45 லிட்டர் நின்றால் பெரிது, ஒரேயொரு 3 செ.மீ. குஞ்சுக்கான இடம் அது. நம் வெப்பத்தில் குளிர்காலத் தூக்கம் கிடையாது, ஆமை வருடம் முழுக்கத் தின்று வளரும். ஆறு மாதத்தில் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும். நாலடித் தொட்டி தண்ணீரோடு 350 கிலோவைத் தாண்டும், பழைய லயத்து வீட்டுப் பலகைத் தரையில் வைக்காதீர்கள்.

பில்டர் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் அளவு மீனுக்கானது. ஆமைக்கு அதில் இரண்டு மூன்று மடங்கு வேண்டும். வாரம் ஒருமுறை கால் பங்கிலிருந்து பாதிவரை தண்ணீர் மாற்றலாம். பைப் தண்ணீரின் குளோரின் ஆமையைவிட பில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைத்தான் கொல்லும், ஆகவே குளோரின் நீக்கி சேர்த்துவிடுங்கள்.

தொட்டி பெரிதாக இருந்தும் சண்டை ஓயவில்லையா, மேடு எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டு ஆமைக்கு ஒரு மேடு என்பது சண்டைக்கு நாமே போட்ட பந்தல். மேடு இரண்டு, எதிர் எதிர் மூலையில், ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு. கடையில் விற்கும் மிதவை மேடுகள் பெரிய ஆமை ஏறினால் அமிழ்ந்துவிடும். இரும்புக்கடைச் சாமான்களிலேயே கட்டிக்கொள்ளலாம். 20 மி.மீ. பிவிசி குழாய் ஒரு மேடைக்கு மூன்றரை மீட்டர், நான்கு எல்போ (மூலை இணைப்பு), நான்கு டீ (T வடிவ இணைப்பு). 40-க்கு 25 செ.மீ. அளவில் சட்டம். மூலைக்கு ஓர் எல்போ, நீளப் பக்கம் ஒவ்வொன்றிலும் இரண்டு டீ, டீயின் வாய் கீழே பார்க்க வேண்டும். அதில் கால் குழாயைச் செருகவும். கால் உயரம், தண்ணீர் மட்டத்துக்கு மேல் 8 செ.மீ. வருமாறு. குழாய்க்குள் காற்று நின்றால் மேடை மிதக்கும், அதனால் ஒவ்வொரு காலின் மேல்முனையிலும் அடிமுனையிலும் 5 மி.மீ. ஓட்டை போடவும். இறுக்கிச் செருகினால் பசை தேவையில்லை. மேலே, கூரை விளக்குக்குப் போடும் கட்டம் கட்டமான பிளாஸ்டிக் தட்டியை வெட்டி வைத்து, கேபிள் டை போட்டுக் கட்டவும். வெட்டிய முனையை அரத்தால் தேய்த்துவிடவும், இல்லாவிட்டால் அடிவயிற்று ஓட்டைக் கீறும். அந்தக் கட்டத்தில் குட்டியின் கால் சிக்கும், ஆகவே மேலே சொரசொரப்பான தரை ஓட்டுத் துண்டு ஒன்று. செயற்கைப் புல் வேண்டாம், நார் நாராகப் பிய்த்துத் தின்னும். ஏறுவதற்கு அதே தட்டியில் ஒரு சரிவு, அகலம் 20 செ.மீ.க்குக் குறையாமல். குறுகலாக இருந்தால் ஒரு ஆமை வழியில் நின்றே மற்றதைத் தடுத்துவிடும்.

விளக்கின் கீழ் மேட்டில் 30 முதல் 35 டிகிரி. புற ஊதா விளக்கு ஓட்டிலிருந்து 25 முதல் 30 செ.மீ. தூரத்தில், நடுவில் கண்ணாடி இல்லாமல். வெளிச்சம் வந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துவிடும், வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் இதற்கு உதவாது.

அடுத்தது தீனி. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, அதன் தலை அளவுக்குத் தீனி உருண்டை. கழுத்தைச் சேர்க்காமல், தலை மட்டும். இரண்டையும் ஒரே இடத்தில் போட்டால் வாயிலிருந்து பிடுங்கப் போய் மூக்கைக் கடிக்கும், பாதிச் சண்டை அங்கேதான். தொட்டியின் இரு முனையிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். ஓயாமல் விரட்டும் ஆமை என்றால் தீனிக்கு மட்டும் வேறு பேசினில், தொட்டித் தண்ணீரையே மொண்டு விட்டு, 20 நிமிடம் வைத்து எடுக்கலாம். இலை வகையை நாள் முழுக்க மிதக்க விடுங்கள், சாவி (கடுகுக் கீரை வகை), கங்கோங் (வள்ளைக் கீரை), இரண்டையும் மாற்றி மாற்றி, இரு முனையிலும் கட்டி. வேலை இல்லாத வாய்தான் பக்கத்து ஆமையின் வாலைத் தேடும். பாயாம் என்னும் தண்டுக்கீரையை அடிக்கடி கொடுக்க வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. தீபாவளிக்கு நாலு நாள் தாத்தா வீட்டுக்குப் போகிறீர்களா? வளர்ந்த ஆமை நாலு நாள் பட்டினி தாங்கும். கூட இருக்கும் ஆமையின் வால் தாங்காது. போகும் முன் பிரித்துவிட்டுப் போங்கள்.

ஒன்றின் கண்ணில் ஒன்று படாத மறைவு தொட்டிக்குள் வேண்டும். மரக்கட்டை, மண்குழாய், மிதக்கும் ஆகாயத்தாமரை எதுவும் ஆகும். மறைவுக்கு இரண்டு வாசல் இருக்க வேண்டும். ஒரே வாசல் உள்ள குகையில் சின்னது ஒளிந்தால் பெரியது வாசலில் நின்றுகொள்ளும். ஆமைக்கு மூச்சு வாங்க மேலே வர வேண்டும், வழி மறிபட்டால் தண்ணீருக்குள்ளேயே மாட்டிச் செத்துப்போகும். அதே காரணத்துக்காகக் கட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே சந்து விட்டால் பெரிய ஆமையின் ஓடு தாராளமாகப் போய்வரும் அளவுக்கு விடுங்கள், அல்லது சந்தே இல்லாமல் ஒட்டி வையுங்கள்.

இன்னொரு தொட்டிக்கு வீட்டில் இடமில்லை என்றால் நடுவில் தடுப்பு. கண்ணாடித் தடுப்பு வைத்தால் இரண்டும் நாளெல்லாம் அதை முட்டிக்கொண்டு மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். ஒளிபுகாத பலகை வேண்டும், பள்ளிப் புராஜெக்ட்டுக்கு வாங்குவோமே, நெளிவுப் பிளாஸ்டிக் பலகை, அதை இரட்டையாகக் கட்டினால் வளையாது. தண்ணீர் போய்வர 6 மி.மீ. ஓட்டைகள், தண்ணீருக்கு மேல் 20 செ.மீ. உயரம். ஆமை ஏறாது என்று நினைப்பவர்கள் ஒரு ராத்திரி பார்த்தால் மாறிவிடுவார்கள். பில்டர் உறிஞ்சுவது ஒரு பக்கம், விடுவது மறுபக்கம். தடுத்த பிறகு ஒவ்வொரு பாதியும் மேலே சொன்ன லிட்டர் கணக்கில் தேறுகிறதா என்று பாருங்கள், தேறாவிட்டால் இது சில வாரத்துக்கான ஏற்பாடு மட்டுமே.

மறுபடி சேர்த்துப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: காயம் முழுக்க ஆறி, தோல் மூடி, எடை ஏறிய பிறகு. தொட்டியைக் காலி செய்து மேடு, கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள், பழைய எல்லைக்கோடு இருக்கக் கூடாது. இரண்டுக்கும் வயிறு நிறையத் தீனி. அடிபட்டதை முதலில் விட்டு ஒரு மணி நேரம் பழகவிட்டு, பிறகு அடித்ததை விடுங்கள். விடுமுறை நாளில், நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். வாயைத் திறந்து மிரட்டினால் பொறுக்கலாம், கடித்தால் உடனே எடுங்கள். இப்படி மூன்று முறை, ஒரு வாரம் இடைவெளியில். மூன்றாவது முறையும் கடித்தால் அந்த இரண்டும் ஜென்மத்துக்கும் சேராது. புதிதாக வாங்கிய ஆமை என்றால் இதற்கெல்லாம் முன் 60 நாளாவது தனித் தொட்டி.

நன்றாக இருந்த பெண் திடீரென்று கடிக்க ஆரம்பித்தால் வயிற்றில் முட்டை இருக்கலாம். ஆண் இல்லாமலே முட்டை வரும். தீனி குறையும், கண்ணாடியைச் சுரண்டும், மேட்டில் பின்காலால் தோண்டுவதுபோல் செய்யும். பெரிய பேசினில் 25 முதல் 30 செ.மீ. ஆழத்துக்கு மணலும் மண்ணும் கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவு ஈரமாக்கி, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் தினமும் சில மணி நேரம் விடுங்கள். இடம் கிடைக்காமல் முட்டையை அடக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

வீட்டுப் பின்னால் இடம் உள்ளவர்கள் சிமெண்டு வளையம் இறக்கிக் குளம் கட்டுவது நல்ல தீர்வு, சண்டையும் குறையும். பாதிக்கு மேல் நிழல் இருக்கட்டும், சின்னத் தொட்டித் தண்ணீர் மதிய வெயிலில் கொதித்துவிடும். அக்டோபர், நவம்பர் மழையில் தண்ணீர் நிரம்பினால் ஆமை விளிம்பில் ஏறி லோங்காங்குக்கு (சாக்கடைக்கு) போய்விடும், நீர்மட்டத்துக்கு மேல் 30 செ.மீ. சுவரும் வலை போட்ட வழிந்தோடு குழாயும் வேண்டும். பியாவாக்குக்கும் (உடும்புக்கும்) எலிக்கும் மேலே கம்பிவலை.

வளர்க்க முடியவில்லை என்றால் ஆற்றிலோ பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலோ விடக் கூடாது. சிவப்புக் காது ஆமை உலகின் மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது, நம் ஆமைகளின் இடத்தையும் தீனியையும் அது பிடித்துக்கொள்ளும். புண்ணியம் என்று கோயில் குளத்தில் விடுவதும் பிரச்சினையை இடம் மாற்றுவதுதான். பினாங்கு ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி கோயிலின் ஆமைக் குளத்தைப் பார்த்தவர்களுக்கு நெரிசல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஒற்றை ஆமையை வளர்க்க இடம் உள்ள ஆள் கிடைக்கும்வரை அந்த 100 லிட்டர் பெட்டியிலேயே இருக்கட்டும்.

பெட்டியையும் பில்டர் பஞ்சையும் குசினித் தொட்டியில் கழுவாதீர்கள், ஆமையிடம் சால்மோனெல்லா கிருமி இருக்கும். வெளியே பைப்படியில் கழுவி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவவும். பெட்டி காலியானதும் கவிழ்த்து வையுங்கள். மழைத் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிட்டால் சுகாதார இலாகா, நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அபராதம் போடும், ஆமைக்கு வாங்கிய பெட்டி என்று சொன்னால் எடுபடாது.